தோளுக்குக் கேட்கும் சொல்

அந்தோணி,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது உன் ரெஜினா மாமி பக்கத்தில் இருந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள். அவள் தண்ணீருக்கோ கடைக்கோ போன பிறகு தனியாக உட்கார்ந்து படி. "இன்னாடா எழுதிக்கிறாரு உங்க நைனா?" என்று கேட்பாள். "ஞாயித்துக்கெழமை பூசைக்கு அப்புறம் வராராம்" என்று மட்டும் சொல். அதில் பொய் இல்லை, வருகிறேன். ராயபுரத்திலிருந்து காலடிப்பேட்டை வருவதற்கு ஒரு நாள் பயணமா, இதற்கு ஏன் தபால், நேரில் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று உனக்குத் தோன்றும். நீ மாமியிடம் ஆசீர்வாதம் வாங்கக் கிளம்புவதற்கு முன் மூன்று நாள் நேரில் சொல்லத்தான் பார்த்தேன். தேறிவிட்ட சந்தோஷத்தில் நீ தட்டு நிறையச் சோறு போட்டுத் தின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் கட்டிப்போயிற்று. காகிதத்துக்கு முகம் இல்லை, அதனால் எழுதுகிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ பரீட்சையில் தேறியதில் எனக்கு வருத்தம் இல்லை. எத்தனை பேர் வந்திருந்தார்கள், எத்தனை பேர் கயிறு பாதி ஏறித் தொங்கிவிட்டுக் கீழே வந்தார்கள் என்று நானும்தான் பார்த்தேன். நீ ஓடினது, கயிறு ஏறினது, கனமான தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போனது எல்லாம் எனக்கு நெஞ்சை நிறைத்தது. மார்பை அளக்கிறபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டினாயே, அதற்கு மட்டும் சிரித்தேன். ஒரு வருஷத்துக்கு முன்பு நீ இருந்த இருப்புக்கு, காற்று அடித்தால் கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உன் தோஸ்துகளே கேலி பண்ணுவார்கள். அந்த உடம்பை இந்த உடம்பாக்கினவன் நான்தான். அதைச் சொல்லிச் சொல்லித் தெரு முழுக்கப் பெருமை அடித்ததும் நான்தான். இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

தீயணைப்புப் படையில் சேர வேண்டும் என்று நீ சொன்ன அன்றைக்கே நான் விசாரித்துக்கொண்டு வந்தேன். ஓட்டம், கயிறு, ஏணி எல்லாம் உன் பாடு. ஆனால் ஒரு ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு நூறு கஜம் நிற்காமல் போக வேண்டும் என்றார்களே, அங்கேதான் முக்கால்வாசிப் பேர் கவிழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் கேட்டுச் சிரித்தேன். முப்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அதில் பாதி வருஷம் மேஸ்திரியாக இருந்து, எத்தனையோ பேருக்குத் தூக்கக் கற்றுக்கொடுத்தவன் வீட்டில் இருக்கும்போது என் மகனுக்கு என்ன கவலை என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலையிலேயே உன்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய் முதுகில் மணல் மூட்டையை ஏற்றினேன். முழங்காலை மடக்கி இறங்கி வாங்கு, இடுப்பை வளைக்காதே, பாரத்தை எலும்பின் மேல் உட்கார வை, சதையின் மேல் வைக்காதே என்று நான் கத்தினதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். அதெல்லாம் சரியான பாடம், அதில் ஒரு குறையும் இல்லை.

குறை வேறு ஒன்றில். துறைமுகத்தில் ஒருவன் புதிதாகக் கும்பலில் சேர்ந்தால் தூக்கச் சொல்லித்தருவதற்கு முன்பு போடச் சொல்லித்தருவோம். அங்கே கிரேன்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் எல்லா ஊர்க் கப்பலிலும் இரண்டே சொல்தான். மேலே ஏற்று என்றால் 'ஆவேஸ்', கீழே இறக்கு என்றால் 'ஆரியா'. எங்கள் கும்பலில் அந்த 'ஆரியா'வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தலைக்கு மேல் சங்கிலி நழுவினால், அடுக்கி வைத்த மூட்டை அட்டி சரிந்தால், பார்த்தவன் எவனோ அவன் 'ஆரியா' என்று தொண்டை கிழியக் கத்துவான். கேட்டவன் தோளில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வலப்பக்கம் குதிக்க வேண்டும். எதற்குக் கத்தினான், யாரைப் பார்த்துக் கத்தினான் என்று நிமிர்ந்து பார்த்தவன் பிழைத்ததில்லை. யோசிக்கிற நேரம் அங்கே கிடையாது. அதனால் அந்தச் சொல் காதுக்குப் போகக் கூடாது, நேராகத் தோளுக்குப் போக வேண்டும் என்று பழக்குவோம். சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் வந்து கத்துவோம். மூட்டையைப் போடத் தாமதித்தால் ஈரத் துண்டால் கெண்டைக்காலில் அடி விழும். என் கும்பலில் பாரத்துக்கு அடியில் சிக்கி ஒருத்தன் செத்தான் என்று எவனும் சொல்ல முடியாது. அப்படிப் பழக்கினேன்.

உன்னையும் அப்படியே பழக்கினேன். நீ கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "நைனா, பரீட்சையில தூக்கினு போவத்தான சொல்றாங்க, போடறதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?" என்றாய். "முதுகு பூட்டிகிச்சுன்னா யார்ரா பாத்துக்கறது? போடத் தெரியாதவனுக்குத் தூக்க அருகதை இல்ல" என்று சொல்லி ஈரத் துண்டை முறுக்கினேன். அந்த வருஷம் முழுக்க ஒரு நாளும் விடவில்லை. மழையில், வெயிலில், நீ காய்ச்சலில் இருந்து எழுந்த மறுநாளில்கூட. கடைசி மாதங்களில் நான் 'ஆ' என்று வாயைத் திறப்பதற்குள் மூட்டை கீழே கிடக்கும், நீ வலப்பக்கம் நாலடி தள்ளி நிற்பாய். என் கும்பலிலேயே அவ்வளவு சுருக்காக யாரும் கற்றுக்கொண்டதில்லை. உன் உடம்பு அப்படி, எது சொன்னாலும் பிடித்துக்கொள்ளும்.

தெருக்குழாயடியில் நடந்ததை நீயே மாமியிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நீ குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறாய், மரக்கடையில் வண்டியில் இருந்து கட்டை இறக்குகிறவன் 'ஆரியா' என்று கத்துகிறான். குடம் நடுத்தெருவில் விழுந்து நசுங்கிற்று. நீ வலப்பக்கம் குதித்து ஒரு கிழவியின் கூடைமேல் போய் விழுந்தாய். "கண்ணு அவிஞ்சி பூட்சா உனுக்கு? எருமமாடு கணக்கா வந்து வியற" என்று அவள் உன்னைப் போட்டுக் காய்ச்சினாள். தெருவே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். என் பையனைப் பார் என்று வெற்றிலைக் கடைக்காரனிடம் சொன்னேன். அன்றைக்கே எனக்குக் குலை நடுங்கியிருக்க வேண்டும், மகனே. நடுங்கவில்லை. பதின்மூன்று வருஷமாக ஒன்றை மண்போட்டு மூடி அதன்மேல் நின்றுகொண்டிருக்கிறவனுக்குக் காலடியில் இருப்பது மறந்துபோகும் போலிருக்கிறது.

இனி பரீட்சை அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீ அறிந்ததை அல்ல, நான் பார்த்ததை. நான் மைதானத்துச் சுவருக்கு வெளியே மற்ற அப்பன்மார்களோடு நின்றுகொண்டிருந்தேன். உனக்கென்று கொடுத்த ஆள் அங்கே இருந்தவர்களிலேயே தடியன். நீ முழங்காலை மடக்கி, அவனை வாங்கி, இரண்டு தோளுக்கும் குறுக்கே போட்டுக்கொண்டு கிளம்பினபோது என் பக்கத்தில் நின்றவன், "யார் பையன் சார், சும்மா பஞ்சு மூட்டை கணக்கா தூக்கினு போறான்" என்றான். நான் சுவர்மேல் எக்கிப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டாய். அப்போது மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற கூட்ஸ் யார்டில் யாரோ வேகன் இறக்குகிறவர்கள் கத்தினார்கள். தூரத்துச் சத்தம், காற்றில் பாதி போய்விட்டது. பக்கத்தில் நின்ற யாருக்கும் அது கேட்கவே இல்லை. உன் தோளுக்குக் கேட்டது. உன் வலத்தோள் சட்டென்று இறங்கிற்று, வலக்கால் பக்கவாட்டில் போயிற்று, அந்தத் தடியன் ஒரு முழம் சரிந்தான். அவன் பயந்துபோய் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டதால்தான் விழவில்லை. நீ தடுமாறி அவனை மறுபடி பிடித்துக்கொண்டு ஓடி முடித்தாய். எல்லையில் நின்ற அதிகாரி சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார், நீ ஏதோ சொன்னாய், அவர் அட்டையில் எழுதிக்கொண்டார். தேறிவிட்டாய்.

வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். "இன்னா நைனா, இப்டி முழிச்சிகினு கீற? பாஸு பண்ட்டேன். நடுவுல மண்ணுல கால் இடறிகிச்சி, அதையே கேட்டாரு சார்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாடா, அங்க ஒரு குழி கீது, நான் முன்னாடியே பார்த்தேன்" என்றேன். நீ இல்லாத குழியை நினைத்துச் சமாதானமானாய். மறுநாள் நான் தனியாக அந்த மைதானத்துக்குப் போனேன். காவலாளியிடம் துண்டை விட்டுவிட்டேன் என்று சொல்லி உள்ளே போய் நீ நடந்த இடம் முழுக்கக் காலால் தடவிப் பார்த்தேன். குழி இருந்துவிடக் கூடாதா என்றுதான் பார்த்தேன். தரை அம்மி மாதிரி சமமாக இருந்தது.

இப்போது உன் சவரி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணம் காலியான வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் இறந்தான். உனக்கு அப்போது ஏழு வயது. துறைமுகத்துக் கிடங்கில் சணல் மூட்டையில் தீப்பிடித்தது, உள்ளே மாட்டிக்கொண்டான், நான் போய்ப் பார்ப்பதற்கு முன்பே உயிர் போயிருந்தது என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் அவ்வளவுதான் தெரியும், தன் கூடப்பிறந்த தம்பி எப்படிப் போனான் என்று அறியாமலே அவளும் போய்விட்டாள். ரெஜினா மாமிக்கும் அவ்வளவுதான் தெரியும். அந்த மூன்றில் முதல் இரண்டு உண்மை.

மத்தியான நேரம். கும்பல் சாப்பிட உட்கார்ந்திருந்தது. சவரி துண்டை மறந்து வைத்துவிட்டேன் என்று கிடங்குக்குள் போனான். சணல் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்து ஒரேயடியாகப் புகையும். நாங்கள் பார்த்தபோது கதவு வழியாகக் கறுப்பாக வந்துகொண்டிருந்தது. ஒரு சாக்கை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு நான் உள்ளே போனேன். அட்டிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தான். உயிர் இருந்தது, அந்தோணி. என் சட்டையைப் பிடித்தான். முழங்காலை மடக்கி இறங்கி, வாங்கி, தோளுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டேன், உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அதே மாதிரி. கதவின் வெளிச்சம் தெரிந்தது. இருமிக்கொண்டே என் காதுக்குப் பக்கத்தில் பேசினான். "குனிஞ்சிக்கோ மச்சான், தலை இடிக்கப் போவுது" என்றான். கதவு நிலை தாழ்வானது. அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம். நான் குனிந்தேன்.

அந்த நேரத்தில் வெளியே கிரேன்காரர்கள் பக்கத்துச் சரக்கை அவசரமாகக் கப்பலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 'ஆரியா' என்று கத்தினார்கள். எங்களைப் பார்த்துக் கத்தவில்லை, நாங்கள் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வேலைக்கு அவர்கள் கத்தினார்கள். நான் நினைக்கவில்லை, முடிவு செய்யவில்லை, பயப்படவும் இல்லை. என் தோள் போட்டுவிட்டது. நான் வலப்பக்கம் குதித்துக் கிடந்தேன். எழுந்து திரும்பிப் புகைக்குள் கையை விட்டேன். அவனுடைய கால் கைக்கு அகப்பட்டது. இழுத்தேன். அதற்குள் இடப்பக்கத்து அட்டி சரிந்து அவன்மேல் விழுந்தது. அவன் கால் என் கைக்குள் இருந்தது, இழுக்க வரவில்லை. சூடு தாங்காமல் விட்டேன். அது இரண்டாவது தடவை. முதல் தடவை தோள் விட்டது, இரண்டாவது தடவை நான் விட்டேன். பிறகு ஓடி வந்துவிட்டேன்.

வெளியே எல்லாரும் "சவரி எங்க, சவரி எங்க" என்றார்கள். "நான் போறதுக்கு முன்னாடியே பூட்டான்" என்று என் வாய் சொல்லிற்று. அப்போது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு என்பது வரவே இல்லை. அடக்கம் முடிந்த அன்று உன் மாமி என் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, ஒரு வார்த்த, கடைசியா ஒரே ஒரு வார்த்த ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். கட்டி இரண்டு வருஷம்கூட ஆகாத பெண். "இல்லம்மா" என்றேன். அதற்கப்புறமும் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவத்தி ஏற்றும்போது என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். கேட்க மாட்டாள், பார்ப்பாள். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கு முன்பும் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். குடித்தது, அடித்தது, உன் அம்மாவை வைதது எல்லாம் சாமியாரிடம் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு மனிதரையும் தோளில் ஏற்றவில்லை. நீ இதைக் கவனித்திருக்க மாட்டாய், கவனித்தாலும் வேறு காரணம் நினைத்திருப்பாய். அந்த வருஷம் கோயில் திருவிழாவில் தேர் பார்க்க வேண்டும் என்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாய். மற்ற பிள்ளைகளெல்லாம் அப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் உன்னை ஒரு கடையின் படியில் ஏற்றி நிறுத்தினேன். நீ ஒன்றும் தெரியவில்லை என்று வீடு வரை அழுதுகொண்டே வந்தாய், நான் அறைந்தேன். உன் அம்மா போனபோது அவள் பெட்டிக்கு நான் தோள் கொடுக்கவில்லை. துக்கத்தில் கால் தள்ளாடுகிறது என்று எல்லாரும் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். துக்கம் இருந்தது, ஆனால் காரணம் அது இல்லை. கோயிலில் இருந்து கல்லறைக்குப் போகிற வழியில் துறைமுகச் சுவரை ஒட்டித்தான் போக வேண்டும். உள்ளே எவனாவது கத்திவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்.

சவரி இறந்த சில நாளில் நீ என்னைக் கேட்டாய். "நைனா, பயர் வண்டி முன்னாடியே வந்திருந்தா மாமா பொழச்சிருப்பாரு, இல்ல?" நான் ஆமாம் என்றேன். எனக்கு அது எவ்வளவு சௌகரியமான கேள்வி. பழியை அந்தச் சிவப்பு வண்டியின்மேல் ஏற்றிவிட்டு நான் கையைத் தட்டிக்கொண்டேன். நீ அதை உள்ளே வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாய். பத்தொன்பது வயதில் வந்து, "சரியா பழகின ஆளுங்க இருந்திருந்தா மாமா செத்திருக்க மாட்டாரு, நான் அந்த வேலைக்குத்தான் போவேன்" என்றாய். பழகின ஆள் ஒருத்தன் அங்கே இருந்தான், மகனே. நன்றாகவே பழகியிருந்தான். அவன் கையாலேயே நீயும் பழகிவிட்டாய். என் பொய்யை நம்பி இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாய், என் வியாதியை உன் தோளில் ஏற்றிக்கொண்டு பரீட்சையும் தேறினாய். இதைவிட ஒரு அப்பன் மகனுக்குச் செய்யக்கூடிய கெடுதல் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை.

இத்தோடு போகட்டும் என்றாலும் விடுகிறதா? உன் உத்தரவைப் படித்தாய் அல்லவா, பயிற்சி முடிந்ததும் உன்னைத் துறைமுக வாசலை ஒட்டின நிலையத்தில்தான் போடப்போகிறார்களாம். துறைமுகத்து ஆள் மகன், சந்து பொந்து தெரியும் என்று அதிகாரி சொன்னதாகச் சந்தோஷமாகச் சொன்னாய். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே எழுந்து போனேன். அங்கே விடிந்தால் அடைந்தால் அந்தச் சொல்தான். தீப்பிடித்தால் இன்னும் அதிகமாகக் கத்துவார்கள், சரக்கைக் காப்பாற்ற வேண்டுமே. நீ உள்ளே இருந்து எவனையாவது தூக்கிக்கொண்டு வருவாய். அவனுக்கு ஒரு ரெஜினா இருப்பாள், ஏழு வயதில் ஒரு மருமகன் இருப்பான். நான் கண்ணை மூடினால் அந்தக் கதவுதான் தெரிகிறது, இப்போது அதற்குள்ளிருந்து வருகிறவன் முகம் என்னுடையதாக இல்லை.

எனக்குத் தெரிந்த மருந்து ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பேன். கற்றுக்கொடுக்கத் தெரிந்தது, மறக்கடிக்கத் தெரியவில்லை. இரண்டு காரியம் மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன். ஆளைத் தூக்கினதும் அவன் மணிக்கட்டை உன் மணிக்கட்டோடு துண்டால் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள். தோள் விட்டாலும் துண்டு விடாது. இன்னொன்று, தூக்கினவனோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வா. பேர் கேள், ஊர் கேள், அவன் பதில் சொல்லாவிட்டாலும் கேள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சவரி பேசினான், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டை சுமக்கிற மாதிரியே சுமந்தேன். மூட்டை என்று நினைத்ததால்தான் தோள் மூட்டையைப் போடுகிற மாதிரி போட்டதோ என்னவோ. இது பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. பார்த்துவிடத்தான் வேண்டும்.

அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வந்ததும் முதலில் உன் மாமியிடம் நானே என் வாயால் சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே. சவரி கடைசியாகச் சொன்ன வார்த்தையை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். அது அவளுடையது, பதின்மூன்று வருஷமாக நான் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன செய்தாலும் நீ நடுவில் வராதே. துடைப்பத்தை எடுத்தாலும் வராதே. அவள் செய்து முடித்த பிறகு நீ என்னைத் தோளில் ஏற்று. உள் அறையிலிருந்து வாசல் வழியாக வெளியே கொண்டுபோய்த் தெருமுனை வரை நட. மறுபடி உள்ளே போ, மறுபடி நட. பொழுது சாய்கிற வரை நடக்க வேண்டும். எப்போது என்று சொல்ல மாட்டேன், நான் உன் காதுக்குப் பக்கத்திலேயே 'ஆரியா' என்று கத்துவேன். என் தொண்டை உனக்குத் தெரியும், அதுதான் உன் தோளைப் பழக்கின தொண்டை. நீ விடக் கூடாது.

மணலில் வேண்டாம், அது ஏமாற்று வேலை. விழுந்தால் அடிபடுகிற தரையில்தான் நடக்க வேண்டும். எனக்கு இந்த வயதில் இடுப்பு போனால் போனதுதான், எழுந்திருக்க மாட்டேன், அது எனக்குத் தெரியும். நீயும் அதைத் தெரிந்துகொண்டுதான் என்னைத் தூக்க வேண்டும். நீ என்னைப் போட்டுவிட்டால், திங்கட்கிழமை காலையில் அந்த அதிகாரியிடம் போய், நான் இந்த வேலைக்கு ஆகாதவன், என் அப்பன் என்னைக் கெடுத்துவிட்டான் என்று சொல்லிவிட்டு வா. அதற்கு எனக்குச் சத்தியம் செய்துகொடு. யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரனுக்குப் பதிலாக விழுந்தவன் நானாக இருந்துவிட்டுப் போகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன் தோளில் நான் ஏறுவது இதுதான் முதல் தடவை.

துண்டு இரண்டு கொண்டுவருகிறேன். மாமி வீட்டு நிலை தாழ்வானது. என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது குனிந்து வா.

உன் நைனா